சுவரில் இல்லாத பறவை

காரணமா? காரணம் கண்டிப்பா சொல்லணுமா மேடம்?

சரி, அந்தக் கட்டத்த நிரப்பாம உங்களுக்கு அடுத்த பக்கம் திறக்காதுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். இப்போதைக்கு ஏதாவது ஒண்ணப் போட்டு வைங்க, கடைசில சொல்றேன். மாத்திக்கலாம்ல? அப்ப சரி. மொதல்ல உங்க கம்பெனிகிட்ட நாங்க வாங்கின அந்த அம்பது லைசென்ஸ மறுபடி ஏத்தி விடுங்க. மணி ஏழே முக்கால் ஆச்சு. ஒம்பது மணிக்கு எங்க ஆளுங்க வந்து உக்காந்துடுவாங்க. அதுக்குள்ள இது ஓடலேன்னா இன்னியோட எனக்கு வேலை போச்சு. விளையாட்டுக்குச் சொல்லல. மேனேஜர் வெள்ளிக்கிழமைன்னு கெடு வெச்சிருந்தாரு. இன்னிக்குத்தான் வெள்ளிக்கிழமை.

ஆமா, சர்வர பாத்துக்கறது நான்தான். பதினஞ்சு வருஷமா நான் ஒருத்திதான். ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் மேடம். டாக்டருங்க ஸ்கேனப் பாத்து வாயால சொல்லி அனுப்புவாங்க, அத எங்க ஆளுங்க காதுல மாட்டிக் கேட்டு ரிப்போர்ட்டா அடிப்பாங்க. அதான் எங்க ஆபீஸ். மேசைக்கு மேசை ஒரு சின்னப் பெட்டி, சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதுக்குள்ள ஒண்ணும் கிடையாது. ஆன் பண்ணினா நேரா சர்வர்ல போய் ஒட்டிக்கும். எல்லாருக்கும் எல்லா வேலையும் அந்த ஒரே சர்வர்லதான்.

இல்லல்ல, ஆளுக்கு இல்ல, பெட்டிக்கு. பெட்டிக்கு ஒரு லைசென்ஸ். அம்பது வாங்கினோம், பெட்டி நாப்பத்தெட்டு. ரெண்டு எப்பவும் மிச்சமாவே கிடந்துச்சு.

பாத்துட்டேன் மேடம். அதுவும் பாத்துட்டேன். சர்வீஸ நிறுத்தி மறுபடி ஓட்டிப் பாத்தாச்சு. சர்வர் முறை பெட்டிக்குன்னு இருக்கா ஆளுக்குன்னு இருக்கான்னு பாத்தாச்சு, பெட்டிக்குன்னுதான் இருக்கு. ஃபயர்வால் பாத்தாச்சு. கடிகாரம்? ஐயோ, அந்தக் கடிகாரத்த எட்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்களும் அதையே கேக்கறீங்களே. கோவிச்சுக்கல, நீங்க படிக்கற தாள்ல அப்படித்தான் வரிசையா இருக்கும். எனக்குத் தெரியும்.

என்ன, திரைல வட்டம் சுத்துதா? சுத்தட்டும். எங்க ஓடிடப் போறேன், ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு சர்வர் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். ஏசி காத்து நேரா கழுத்துல அடிக்குது, சால்வை போத்திக்கிட்டுதான் பேசறேன். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுதுன்னு மொதல்ல ஒரு குரல் சொல்லுச்சே, அத யாராவது நெஜமாவே கேப்பாங்களா? தரம் பாக்கறதுக்கா. கேக்கட்டும். யாராவது ஒருத்தர் கேட்டாத் தேவலை.

லைசென்ஸ் கோடு வந்துடுச்சா? சொல்லுங்க. மொத்தம் ஏழு தொகுதி, தொகுதிக்கு அஞ்சு எழுத்து, தெரியும். பேனா கைல இருக்கு. கே, எம், ஏழு, வி, டி. திருப்பிச் சொல்றேன். கே, கொக்குக்கு வர்ற கே. எம், மைனாவுக்கு வர்ற எம். ஏழு. வி, வாத்து. டி, அது... டிக்கு என்ன பறவைன்னு அப்புறம் சொல்றேன். டிதான், சரியாத்தான் எழுதியிருக்கேன்.

சிரிக்கறீங்களா? எனக்கு உங்கள மாதிரி ஊர் பேர் வெச்சுச் சொல்ல வராது மேடம். பறவைதான் வரும். எங்க பெட்டிக்கெல்லாம் பறவை பேர்தான். பெட்டி வந்த புதுசுல கம்பெனி பேர் போட்டு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் வைக்கச் சொன்னாங்க. வெச்சேன். ஒரே வாரம்தான். பன்னண்டு ஓடல, இல்ல இருபத்தொண்ணு ஓடல, இல்ல பக்கத்துதுன்னு போன்ல கத்துவாங்க, நான் ஓடிப்போய்ப் பாத்தா ரெண்டுமே நல்லா ஓடும், மூணாவது ஒண்ணு செத்துக் கிடக்கும். அப்பதான் பறவை பேர் வெச்சேன். பெட்டி மேல படம் ஒட்டி, உள்ளயும் அதே பேர். அதுக்கப்புறம் ஒரு குழப்பமும் இல்ல. மேடம், கழுகு தூங்கிடுச்சுன்னு கூப்பிடுவாங்க. வாத்துல சத்தம் வரலம்பாங்க. முப்பத்தஞ்சுக்கு மேல எனக்கே பறவை கைவசம் இல்ல. எங்க அக்கா பொண்ணோட ஸ்கூல் புத்தகத்த வாங்கி வெச்சுக்கிட்டு மிச்சத்தத் தேத்தினேன். ஒரு அம்மாவுக்கு ஆந்தை வந்துடுச்சு, ஒரு வாரம் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் குயில்னு மாத்திக் குடுத்தேன். அன்னிலேர்ந்து முணுமுணுன்னு பாடிக்கிட்டேதான் அடிக்கறாங்க, பக்கத்துல இருக்கறவங்கதான் இப்ப என்னைத் திட்டறாங்க.

அந்த நாப்பத்தெட்டு பேரையும் பெரிய தாள்ல எழுதி இந்த ரூம் சுவர்ல ஒட்டி வெச்சிருக்கேன். இப்பக்கூட எதிர்க்கதான் இருக்கு.

சொல்லுங்க, ரெண்டாவது. பி, நாலு, எச், ஆர், ரெண்டு. பி, புறா. எச்... எச்சுக்குப் பறவை இல்ல மேடம், எச் எச்தான். ஆர், ரெண்டு. எழுதிட்டேன்.

என்ன ஆச்சுன்னா மேடம், இருபது நாளைக்கு முன்னாடி ஆபீஸ பத்து நாள் மூடினாங்க. பெயின்ட் அடிக்கறோம், எல்லாரும் லீவு எடுத்துக்கங்கன்னாரு மேனேஜர். என்னைத் தனியாக் கூப்பிட்டு, நீ லீவே எடுத்ததில்ல, இந்த பத்து நாளு இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னாரு. எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போயி பொண்ணுகிட்ட சொல்லி சந்தோஷப்பட்டேன். பத்து நாள் கழிச்சு வந்து பாத்தா, பெயின்ட் அடிச்சது வரவேற்பறைல ஒரே ஒரு சுவரு. ஒரு சுவருக்குப் பத்து நாளான்னு கேட்டு நாங்க எல்லாரும் சிரிச்சோம். அப்பவே யோசிச்சிருக்கணும். யோசிக்கல.

வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுது. கோழி உள்ள போகமாட்டேங்குதுன்னாங்க. லைசென்ஸ் இல்லைன்னு ஒரு வரி வந்து நிக்குது. பத்து நிமிஷத்துல வாத்து. அப்புறம் மரங்கொத்தி, காக்கா, மீன்கொத்தி. அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள இருபத்தோரு பெட்டி. இருபத்தேழு நல்லா ஓடுது, இருபத்தொண்ணு வாசல்லயே நிக்குது. நாப்பத்தெட்டு பேரு வேலைய இருபத்தேழு பெட்டில, மாத்தி மாத்தி உக்காந்து அடிக்கறாங்க. டாக்டருங்க போன் மேல போன். அங்க யாரோ ஒரு நோயாளி ரிப்போர்ட்டுக்காக உக்காந்திருப்பாங்கல்ல மேடம், அதான் எனக்குத் தாங்கல.

அதேதான், நீங்க சொல்றது சரி. சாதாரண கம்ப்யூட்டரா இருந்தா உள்ள போயி பழைய லைசென்ஸ் ஞாபகத்த அழிச்சுவிட்டா புதுசாக் கேட்டு வாங்கிக்கும். எங்க பெட்டில அத அழிக்கறதுக்கு வழியே கிடையாது. விலை கம்மின்னு வாங்கினது.

மூணாவதா? எஸ், எஸ், ஒம்பது, எம், கே. ரெண்டு எஸ்ஸா? ரெண்டு எஸ். எம் மைனா, கே கொக்கு. ஆச்சு.

எட்டு நாள் மேடம். எட்டு நாளும் ஒவ்வொண்ணா நோண்டினேன். தினமும் சாயங்காலம் மேனேஜர் வந்து கதவுல சாஞ்சுக்கிட்டு நிப்பாரு. உன்னால முடியலேன்னா சொல்லு, தப்பே இல்லம்பாரு. நாளாக நாளாக, வெளில ஒரு கம்பெனி இருக்கு, அவங்ககிட்ட நல்ல ஆளுங்க இருக்காங்க, டைப்பிங்கையும் சேத்து அவங்களே பாத்துப்பாங்கன்னாரு. போன திங்கக்கிழமை எல்லாரையும் நிக்க வெச்சு அவங்க முன்னாடியே சொல்றாரு, நம்ம சர்வரையே நம்மால பாத்துக்க முடியல, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம், இல்லேன்னா வேலைய வெளில குடுக்கறதத் தவிர வேற வழியில்லைன்னு. நாப்பத்தெட்டு பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. குயில் அம்மாகூட. எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

வீட்ல சொல்லாம இருப்பனா? எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லாத ஒண்ணு என்கிட்ட கிடையாது மேடம். அவரும் இந்த டைப்பிங் லைன்தான். இதே ஆபீஸ்ல, மைனாலதான் உக்காந்திருந்தாரு. அப்படித்தான் பழக்கமே. மைனா அடிக்கடி கெட்டுப்போகும், நான் போயி சரி பண்ணுவேன். கல்யாணத்துக்கப்புறம்தான் சொன்னாரு, வேணும்னே வயர உருவி விடுவாராம். அப்புறம் வேற கம்பெனிக்குப் போயி இப்ப அங்க டீம் லீடர். அவருக்கு இந்த சர்வர் விஷயம் அவ்வளவா வராது. ஆனா கேப்பாரு. இந்த நாலு மாசமாவே ரொம்ப அக்கறையாக் கேட்டாரு. சாப்பிட உக்காந்தா, உங்க சர்வர்ல எப்படி உள்ள போவாங்க, ஒரே நேரத்துல எத்தனை பேர் தாங்கும், வெளிலேர்ந்து போனா மெதுவா இருக்குமான்னு. நான் தட்டுல கோடு போட்டுக் காட்டிச் சொல்லிக் குடுப்பேன். இத்தனை வருஷம் கழிச்சு என் வேலை மேல இந்த மனுஷனுக்கு ஒரு ஆசை வந்துச்சேன்னு எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

பிரச்சனை வந்தப்புறம் அவர்தான் தைரியம் சொன்னாரு. கடிகாரத்தப் பாரு, நேரம் ஒரு நிமிஷம் மாறினாக்கூட இப்படி ஆகுமாம்னாரு. பாத்தேன். மறுநாள், சரியாப் பாத்தியான்னாரு. மறுபடி பாத்தேன். சரி, எந்தெந்தப் பெட்டிக்கு லைசென்ஸ் போயிருக்குங்கற பட்டியலப் பாக்கட்டுமான்னு நான் கேட்டதுக்கு, அதையெல்லாம் நோண்டாத, கைபட்டு ஏதாவது அழிஞ்சா பழி உன் தலைல விழும்னாரு. எனக்காகத்தான் சொல்றாருன்னு விட்டுட்டேன்.

உங்களுக்குக் கேக்கும்போதே தெரியுது பாருங்க, மொதல்ல அந்தப் பட்டியலத்தானே பாக்கணும்னு. ஒரு ம் போட்டீங்க. அந்த ம் எனக்குப் புரிஞ்சுது. நான் பாக்கல மேடம். என் கண்ணு முன்னாடி சுவர்ல நாப்பத்தெட்டு பேரு எழுதி ஒட்டியிருக்கு, எல்லாம் நான் வெச்ச பேரு. அதத்தவிர வேற எவன் வந்து வாங்கப்போறான்னு ஒரு திமிரு.

நாலாவது சொல்லுங்க. எட்டு, பி, வி, எட்டு, ஜே. சரி.

நேத்து மத்தியானம் பாத்தேன். எல்லாம் பாத்து முடிச்சு வேற ஒண்ணும் மிச்சமில்லேன்னுதான் திறந்தேன். அம்பதும் போயிருக்கு. ஒரு லைசென்ஸ்கூட கைல இல்ல. அம்பது வரி. பேனாவ எடுத்துக்கிட்டு சுவர் பட்டியல்ல ஒவ்வொண்ணா டிக் போட்டேன். நம்ம பறவைங்க வரிசையா வருது, நடுநடுவுல டி ஒண்ணு, டி ரெண்டு, டி மூணுன்னு முன்னபின்ன தெரியாத பேருங்க. இருபத்திரெண்டு வரைக்கும் போகுது. நான் நம்பர் வைக்கறதில்லைன்னுதான் சொன்னேனே. எங்க ஆபீஸ்ல நம்பர் பேரு ஒண்ணுகூடக் கிடையாது.

புரிஞ்சுதா மேடம் என்ன நடந்திருக்குன்னு? லைசென்ஸுக்கு ஆயுசு அம்பத்திரெண்டு நாளோ எண்பத்தொம்பது நாளோ, நடுவுல ஏதோ ஒரு நாள்தானே. முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து பெட்டி உள்ள வந்தா தானாப் புதுப்பிச்சுக்கும். பத்து நாள் ஆபீஸ மூடிட்டா எப்படி வரும்? அந்தப் பத்து நாள்ல முடிஞ்சதெல்லாம் சர்வருக்கே திரும்பிப் போச்சு. அந்த நேரம் பாத்து வெளில ஒரு ஆபீஸே உக்காந்து எங்க சர்வர்ல எங்க வேலைய அடிச்சுப் பழகிக்கிட்டிருந்திருக்கு. திரும்பி வந்த லைசென்ஸையெல்லாம் அவங்க கம்ப்யூட்டருங்க எடுத்துக்கிச்சு. நாங்க லீவுல இருந்தோம்னு நினைச்சோம். எங்களுக்குப் பதிலா வரப்போறவங்களுக்கு ஒத்திகை நடந்திருக்கு. அந்த ஒத்திகையால வந்த கோளாறத்தான் நான் எட்டு நாளா கண்டுபிடிக்க முடியாம தலைய பிச்சுக்கிட்டேன். அதையே காட்டி, உன்னால முடியல, அதனால வெளில குடுக்கறோம்னாரு.

எப்படி உள்ள வந்தாங்களா? நான்தான் சாவி குடுத்தேன். நாலு மாசம் முன்னாடி மேனேஜர் கேட்டாரு, நீ ஒருத்திதான் இருக்க, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க என்ன பண்றது, தலைமைப் பாஸ்வேர்ட எழுதி ஒரு கவர்ல போட்டுக் குடு, பெட்டகத்துல வெச்சுடறேன்னு. நியாயமான பேச்சுதானே? எழுதிக் குடுத்தேன். கவர ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேல குறுக்க என் கையெழுத்தப் போட்டேன். நேத்து போயி, அந்தக் கவரக் கொஞ்சம் காட்டுங்க சார்னு கேட்டேன். காட்டினாரு. கையெழுத்து நடுவுல ரெண்டாக் கிழிஞ்சிருந்துச்சு. மேல டேப் ஒட்டி வெச்சிருக்காரு. என்ன சார் இதுன்னு கேட்டா, பெயின்ட்காரன் கை பட்டிருக்கும்ங்கறாரு. பெட்டகத்துக்குள்ள வந்து பெயின்ட் அடிச்சானா?

அஞ்சாவதா, இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். ம். சொல்லுங்க. எம், கியூ, மூணு, மூணு, பி. மைனா, கியூ, மூணு மூணு, புறா.

ஆமா, திரும்பப் பிடுங்கலாம், பாத்தேன். அம்பதுக்குப் பத்துதான் பிடுங்க விடுது. அதுக்கு மேல அனுமதி இல்லைன்னு வருது. போயிருக்கறது இருபத்தி மூணு. அதனாலதான் மொத்தமா அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஏத்தறேன். மேனேஜர் கைல இருக்கற பாஸ்வேர்ட காலைல வந்ததும் மாத்திட்டேன், வெளில இருக்கறவங்களுக்குத் திறந்திருந்த கதவையும் சாத்திட்டேன். அந்தப் பட்டியல அப்படியே பிரிண்ட் எடுத்து டாக்டருங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அவங்க நோயாளிங்க ரிப்போர்ட்டு, அவங்களுக்கே தெரியாம எங்கயோ இருபத்தி மூணு கம்ப்யூட்டர்ல திறந்திருக்கு. அவங்க கேட்டுக்கட்டும். வேலை போனாலும் என் கையாலாகாத்தனத்தால போச்சுன்னு இருக்கக்கூடாது மேடம். அது ஒண்ணுதான் எனக்கு.

இருபத்தி மூணுதான். இருபத்திரெண்டு டி, அதோட இன்னொண்ணு. நல்லாக் கவனிக்கறீங்க. அந்த இன்னொண்ணு பறவைதான். என் சுவர்ல இருபத்தேழு டிக் விழுந்துச்சு, பட்டியல்ல இருபத்தெட்டு பறவை இருக்கு. ஒண்ணு மட்டும் சுவர்ல இல்லாத பறவை. பாத்ததும் அது எந்தப் பெட்டின்னு எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போயி ஹால்ல ஒவ்வொரு மேசையாக் குனிஞ்சு பாத்தேன். கீழ எங்கயாவது நான் மறந்த பெட்டி ஒண்ணு தூசியோட கிடக்கக் கூடாதான்னு. குயில் அம்மா, என்ன மேடம் தேடறீங்க, கம்மலான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவங்களும் எழுந்து வந்து என்கூட சேந்து தேடினாங்க.

நேத்து சாயங்காலம் வீட்ல எப்பவும்போலக் கேட்டாரு, சர்வர் என்னாச்சுன்னு. இன்னும் ஒண்ணும் தெரியலீங்கன்னேன். பதினாலு வருஷத்துல அவர்கிட்ட நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஆறாவது. ஆர், நாலு, வி, ஜி, எச். வி வாத்து. ஏழாவதையும் சொல்லிடுங்க. ரெண்டு, கே, எக்ஸ், ஒம்பது, டி. கொக்கு, எக்ஸ், ஒம்பது, டி. இருங்க, அடிக்கறேன். கண்ணாடி போடாம கைகூட சரியா விழமாட்டேங்குது. அடுத்ததுன்னு அமுக்கட்டுமா? அமுக்கறேன்.

வந்துடுச்சு மேடம். பச்சை டிக் வந்துடுச்சு. அம்பது இருக்குன்னு காட்டுது. அம்பதும் என்கிட்டயே இருக்கு.

முதல் லைசென்ஸ் போனதப் பாத்துட்டுதான் நீங்க வைக்கணுமா? இருங்க, நல்லதுதான். மணி எட்டு அம்பத்தஞ்சு. குயில் அம்மா வர்ற சத்தம் கேக்குது, அவங்க செருப்பு சத்தம் எனக்குத் தெரியும். அம்மா! உங்க பெட்டிய ஆன் பண்ணுங்க. பண்ணுங்க, சும்மா பண்ணுங்க. போச்சா? போச்சு மேடம்! பட்டியல்ல முதல் வரி, குயில். வாத்து போயிடுச்சு. காக்கா. மரங்கொத்தி. கோழியும் போயிடுச்சு. கேக்குதா, ஹால்ல கை தட்டறாங்க. எனக்கு இல்ல, பெட்டிக்குத்தான் தட்டறாங்க. பரவால்ல.

ஒரு நிமிஷம் மேடம், என் மொபைல் அடிக்குது. ஒம்பது நாலு. வீட்லேர்ந்து. வைச்சுடாதீங்க, லைன்லயே இருங்க, ப்ளீஸ்.

சொல்லுங்க. ம், வந்துட்டேன், ஏழரைக்கே வந்துட்டேன். சாப்பிட்டேன். இல்ல, இங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஏன்? என்ன உள்ள விடமாட்டேங்குது? வீட்டு இன்டர்நெட்டா? ஓ. இன்டர்நெட்டுதான் வேலை செய்யலையா. வேற ஒண்ணும் இல்லையே? என்கிட்ட சொல்ல வேண்டியது வேற ஒண்ணும் இல்லையே? இல்ல, சும்மாதான் கேட்டேன். சரி, அப்ப ஒண்ணு பண்ணுங்க. லேப்டாப்ல கடிகாரத்தப் பாருங்க. ஆமா, நேரம் ஒரு நிமிஷம் மாறினாக்கூட இப்படி ஆகுமாம். பாத்தீங்களா? சரியா இருக்கா? இன்னொரு வாட்டி நல்லாப் பாருங்க. நாளைக்கும் பாருங்க. வெச்சுடறேன், முக்கியமான கால்ல இருக்கேன்.

மன்னிச்சுக்கங்க மேடம். காக்க வெச்சுட்டேன்.

அந்த டி சொல்றேன்னேனே, சுவர்ல இல்லாத பறவையும் அதான். தூக்கணாங்குருவி. கம்ப்யூட்டர் பேரு பதினஞ்சு எழுத்துக்கு மேல ஏத்துக்காதுல்ல, இங்கிலீஷ்ல நெருக்கி அடிச்சுப் பாத்தேன், சரியாப் பதினஞ்சு. ஆபீஸ்ல யாருக்கும் வைக்கக் கூடாதுன்னு எடுத்து வெச்சிருந்த பேரு அது. போன வருஷம் அவருக்கு லேப்டாப் வாங்கினப்ப நான்தான் உக்காந்து எல்லாம் ஏத்தி, அந்தப் பேர வெச்சுக் குடுத்தேன். பத்து நாள் லீவுல அதத் திறந்து வெச்சு உள்ரூம்ல வேலை பாத்துக்கிட்டிருந்தாரு. காபி கொண்டுபோய் வெப்பேன். என்னைப் பாத்ததும் திரைய லேசா சாய்ப்பாரு. வெளிச்சம் கண்ணு கூசுதாக்கும்னு நான் ஜன்னல வேற சாத்திட்டு வந்தேன்.

காரணம் போடணும்ல. என்னென்ன இருக்கு, படிங்க. சர்வர் இடம் மாத்தினது, சர்வர் பழுது, தவறுதலா அழிஞ்சது.

சர்வர் பழுதுன்னு மட்டும் போட்டுடாதீங்க மேடம். அது ஒண்ணுதான் என்கிட்ட உண்மையச் சொல்லிச்சு.